வழக்குத் தவணைக்குப் போக முடியாதபோது

“நாளைக்கு வழக்கு. பிள்ளை ஆஸ்பத்திரியில். என்ன செய்யிறது?” மீள்குடியேறிய குடும்பங்களிடமிருந்து எமது கள அலுவலர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் தவணைக்கு முதல் நாள் பின்னேரம்தான் வரும். சிலவேளை தவணை முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு, வேறு வடிவத்தில் வரும்: “போகேல்லை. இனி என்ன நடக்கும்?”

முதல் கேள்விக்கு விடை சொல்வது இலகு. இரண்டாவது கேள்விக்கும் விடை உண்டு. ஆனால் அதற்குப் பணமும் காலமும் செலவாகும், சிலவேளை காணியே கையை விட்டுப் போகும். ஆகவே இந்தப் பகுதியைத் தவணை நெருங்குவதற்கு முன்னரே வாசித்துவிடுங்கள். உங்களுக்கு வழக்கு இல்லாவிட்டாலும், உங்கள் வீதியில் யாருக்காவது இருக்கும்.

மீள்குடியேறியவர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த காலத்தில் தொடங்கிய தாபரிப்பு வழக்கிற்கு இப்போது முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏற வேண்டியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் நடக்கும் காணி வழக்கில் வழக்காளி கிளிநொச்சியிலும் சாட்சி மன்னாரிலும் இருக்கலாம். கார்த்திகை, மார்கழி மழைக்கு வன்னியின் உள்வீதிகள் தண்ணீரில் மூழ்கும். நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வருபவருக்குக் கடல் கொந்தளித்தால் அன்று படகே இல்லை. இவை எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் காரணம் நியாயமானதாக இருந்தால் மட்டும் போதாது. அது உரிய நேரத்தில், உரிய வடிவத்தில், நீதிபதியின் முன் போய்ச் சேர வேண்டும்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். தவணையை மாற்றும் அதிகாரம் நீதிபதிக்கு அல்லது நீதவானுக்கு மட்டுமே உண்டு. பதிவாளருக்கு இல்லை, எழுதுவினைஞருக்கு இல்லை, உங்கள் சட்டத்தரணிக்கும் இல்லை. நீங்கள் கடிதம் கொடுத்துவிட்டீர்கள் என்பதால் தவணை தள்ளிப்போகாது. வழக்கு கூப்பிடப்பட்டு, நீதிபதி அனுமதித்து, புதிய திகதி வழக்கேட்டில் எழுதப்படும் வரை பழைய திகதி அப்படியே இருக்கிறது. “கடிதம் குடுத்தனான்தானே” என்று வீட்டில் இருந்து விட்டுப் பிடியாணையோடு பொலிஸ் வந்தபோது திகைத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே விண்ணப்பம் கொடுத்த பின்னரும், அந்தத் தவணையன்று உங்கள் சார்பில் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். சட்டத்தரணி நிற்பது சிறந்தது. சட்டத்தரணி இல்லாவிட்டால், கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை, சகோதரர் என யாராவது ஒருவர் பத்திரங்களுடன் போக வேண்டும்.

உங்கள் வழக்கு எது, அன்று என்ன தவணை

“கோட்டில் வழக்கு” என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. அழைப்பாணையை அல்லது சட்டத்தரணி தந்த துண்டை எடுத்துப் பாருங்கள். எந்த நீதிமன்றம், என்ன இலக்கம், நீங்கள் யார் என்ற மூன்றும் தெரிய வேண்டும். ஒரே கட்டடத் தொகுதியில் மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் இருக்கும் இடங்கள் உண்டு. இலக்கத்தோடு வரும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். காணி வழக்குக்கு ‘எல்’, பாகப்பிரிவினைக்கு ‘பி’, பண வழக்குக்கு ‘எம்’ என்று எழுத்துகள் சேர்க்கப்படுவது வழக்கம். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் விசாரணை முடியாத விடயங்களுக்கு ‘பீ’ அறிக்கை இலக்கம் இருக்கும். எழுத்து மாறினால் உங்கள் கடிதம் வேறொருவரின் வழக்கேட்டுக்குள் போய் உறங்கிவிடும்.

அடுத்தது, அன்று என்ன நடக்க இருக்கிறது என்பது. சிவில் வழக்குகளில் எல்லாத் தவணையும் ஒரே கனமானவை அல்ல. வழக்கைக் கூப்பிட்டு, மறுமொழி கோவைப்படுத்தப்பட்டதா, நில அளவையாளரின் அறிக்கை வந்ததா என்று பார்த்து அடுத்த திகதி கொடுக்கும் அழைப்புத் தவணைகள் உண்டு. நீங்கள் பத்திரம் மூலம் நியமித்த சட்டத்தரணி முன்னிலையானால் பெரும்பாலும் அவை நடந்துவிடும். அன்று நீங்கள் வரத்தான் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். வீணாக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். ஆனால் விசாரணைத் தவணை வேறு. அன்று சாட்சிகள் வருவார்கள், மறுபக்கத்துச் சட்டத்தரணி கட்டணம் வாங்கிக்கொண்டு வந்திருப்பார், நீதிமன்றம் அந்த நாளை உங்கள் வழக்கிற்காக ஒதுக்கியிருக்கும். அதைத் தள்ளிவைக்கப் போதிய காரணம் காட்ட வேண்டும், அதற்குச் செலவுத்தொகை கட்டவும் நேரலாம்.

குற்றவியல் வழக்கில் சந்தேகநபராகவோ எதிரியாகவோ பெயர் குறிக்கப்பட்டவர், பிணையில் இருப்பவர் என்றால், ஒவ்வொரு தவணைக்கும் நேரில் வர வேண்டும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சட்டத்தரணி நின்றாலும் உங்கள் இடத்தை அவர் நிரப்ப முடியாது. நீங்கள் ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் முடியும்.

காரணமும் அதைக் காட்டும் பத்திரமும்

நீதிபதி உங்களை நம்பவில்லை என்று நினைக்காதீர்கள். அவர் முன் ஒரே காலைப் பொழுதில் பல வழக்குகள் கூப்பிடப்படும். அவற்றில் பலவற்றில் யாராவது ஒருவர் “சுகமில்லை” என்பார். உண்மையில் சுகமில்லாதவரையும் வேலியை நகர்த்தக் காலம் தேடுபவரையும் அவர் பத்திரத்தை வைத்தே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

நோய் என்றால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அரச வைத்தியசாலையின் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். அதில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை பயணம் செய்யவோ வெளியே செல்லவோ இயலாது என்பது இருக்க வேண்டும். வைத்தியரிடம் “நீதிமன்றத்துக்கு” என்று சொல்லியே கேளுங்கள். வாட்டில் இருந்து வெளியேறும்போது தரும் நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் நிழற்பிரதி எடுத்து இணையுங்கள். நோயாளி நீங்கள் அல்லாமல் உங்கள் பிள்ளையாகவோ தாயாகவோ இருந்தால், அவரைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பதையும் எழுத வேண்டும். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கு இது முக்கியம். சொல்லாவிட்டால் அது நீதிமன்றத்துக்குத் தெரியாது.

மரணவீடு என்றால் மரணச் சான்றிதழ். அது கைக்கு வர நாள் எடுக்கும். அதற்கு முன் கிராம அலுவலரின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சான்றிதழைப் பின்னர் சேர்க்கலாம். செத்தவீட்டு நாளுக்கு மட்டுமல்ல, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் திகதி முட்டுவதுண்டு. கொள்ளி வைத்த மகன்தான் வழக்காளி என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தியேட்டித் திகதி ஒரு மாதத்துக்கு முன்னரே தெரிந்ததாயிற்றே. அதை முதல் நாள் வரை வைத்திருந்து சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும்.

வெள்ளம், பாதை துண்டிப்பு, படகு ஓடாமை போன்றவற்றுக்குக் கிராம அலுவலரின் கடிதமோ பிரதேச செயலகத்தின் கடிதமோ உதவும். கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றுக்கும் போதும் என்று நம் மக்களிடம் ஒரு எண்ணம் உண்டு. உங்கள் வதிவிடம், ஊர் நிலைமை, மரணம் போன்றவற்றுக்கு அது நல்லது. நோய்க்கு அது சான்றாகாது. அவர் வைத்தியர் அல்ல.

பத்திரம் ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காகவும் தவணை கேட்கலாம். யுத்தத்தில் உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் அழிந்த குடும்பங்கள் பல. காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்றால், விண்ணப்பித்த திகதியைக் காட்டும் பற்றுச்சீட்டை இணையுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் நீங்கள் முயன்றீர்கள் என்று தெரியும். இல்லாவிட்டால் நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று தோன்றும்.

மறந்துவிட்டேன், சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை, அருவி வெட்டு நடக்கிறது என்பவை பலவீனமான காரணங்கள். அன்றாடம் காய்ச்சிகளுக்கு அருவி வெட்டு எவ்வளவு பெரிய விடயம் என்பது எமக்குத் தெரியும். ஆனாலும் விசாரணைத் தவணை ஒன்றை அதற்காகப் பணயம் வைக்க வேண்டாம் என்றே சொல்வோம். காசு இல்லாததுதான் காரணம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்துதரும். அங்கு விண்ணப்பித்திருக்கிறேன், சட்டத்தரணி நியமிக்கப்படும் வரை ஒரு தவணை தாருங்கள் என்று கேட்பது வலுவான காரணம். விண்ணப்பித்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு போங்கள்.

விண்ணப்பத்தை எழுதுதல்

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 91ஆம் பிரிவின்படி, வழக்கின் நடுவே நீதிமன்றத்திடம் ஒன்றைக் கேட்பவர் தானே நேரில் அல்லது சட்டத்தரணி மூலம் கேட்கலாம். கேட்பதை எழுத்திலும் கொடுக்க வேண்டும். இந்த எழுத்தைத்தான் நகர்த்தல் பத்திரம் என்கிறோம். நீங்கள் சட்டத்தரணி ஒருவரைப் பத்திரம் மூலம் நியமித்திருந்தால் அவரே அதைக் கோவைப்படுத்த வேண்டும். அவரைத் தாண்டி நீங்கள் தனியாக ஒன்றைக் கொடுத்தால் குழப்பமே வரும். சட்டத்தரணி இல்லாதவர் தானே எழுதிப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். உங்கள் சொந்தத் தமிழில் எழுதினால் போதும், பெரிய சட்டச் சொற்கள் தேவையில்லை. வேறு மாகாணத்தில் வழக்கு இருந்து அங்கு சிங்களத்தில் நடந்தால், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்களுக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரச செலவில் பெறும் உரிமையைத் தருகிறது. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மாதிரி ஒன்றைத் தருகிறோம். இதைப் பார்த்து எழுதுங்கள். ஆனால் காரணத்தை உங்கள் காரணமாக எழுதுங்கள்.

.................... மாவட்ட நீதிமன்றம்
வழக்கு இலக்கம்: ....................
வழக்காளி: ....................
எதிராளி: ....................

கௌரவ மாவட்ட நீதிபதி அவர்களுக்கு,

நான் மேற்படி வழக்கின் எதிராளி. இவ்வழக்கு ......ஆம் திகதி விசாரணைக்கு நியமிக்கப்பட்டுள்ளது. எனது 6 வயது மகன் ......ஆம் திகதியிலிருந்து .................... ஆதார வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். அவரைப் பராமரிக்க என்னைத் தவிர வேறு எவரும் இல்லை. இதனால் அன்றைய தினம் என்னால் நீதிமன்றத்தில் தோற்ற முடியாதுள்ளது. மருத்துவச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன். இவ்வழக்கில் இதற்கு முன்னர் நான் ஒத்திவைப்புக் கேட்கவில்லை. இவ்விண்ணப்பத்தின் பிரதியை வழக்காளியின் சட்டத்தரணிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். அதன் பற்றுச்சீட்டும் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே விசாரணையை வேறொரு திகதிக்கு ஒத்திவைக்குமாறு பணிவாக வேண்டுகிறேன். ......ஆம் திகதிக்குப் பின்னர் எந்தத் திகதியிலும் என்னால் வர முடியும்.

பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தற்போதைய முகவரி, தொலைபேசி இலக்கம், ஒப்பம், திகதி

இதில் மூன்று வசனங்களை மக்கள் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். முன்னர் ஒத்திவைப்புக் கேட்டீர்களா என்பது ஒன்று. கேட்டிருந்தால் “ஒரு முறை கேட்டேன், காரணம் இன்னது” என்று உண்மையை எழுதுங்கள், அது எப்படியும் வழக்கேட்டில் இருக்கிறது. மறுபக்கத்துக்கு அறிவித்தது இரண்டாவது. முன்கூட்டியே அறிந்தால் அவர்கள் தம் சாட்சிகளை வீணாகக் கூட்டிவரமாட்டார்கள். பலவேளை சம்மதிக்கவும் செய்வார்கள், சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, எப்போதிலிருந்து வர முடியும் என்பது. அது இல்லாத விண்ணப்பம் முடிவில்லாமல் இழுக்கப் பார்ப்பதுபோல் தெரியும்.

காரணம் கடுமையாக மறுக்கப்படக்கூடியது என்றால் நகர்த்தல் பத்திரத்தோடு சத்தியக் கடதாசியும் வேண்டும். அதைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் ஒப்பமிட வேண்டும். வீட்டிலேயே ஒப்பம் வைத்துவிட்டு அவரிடம் முத்திரை மட்டும் வாங்கி வருவது பிழை. எழுதியிருப்பதை வாசித்து, அல்லது உங்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டு, அவர் முன்னிலையில் ஒப்பமிடுங்கள். பொய் எழுதினால் அது தனிக் குற்றமாகும்.

பத்திரங்களைக் கொடுக்கும்போது உங்களிடம் ஒரு பிரதி வைத்து, அதில் நீதிமன்றத்தின் திகதி முத்திரையைப் பதித்துத் தருமாறு கேளுங்கள். தவணைக்குச் சில நாள்களுக்கு முன்னரே கொடுத்தால் அது வழக்கேட்டோடு சேர்ந்துவிடும். முதல் நாள்தான் பிரச்சினை வந்தது என்றால் காலையிலேயே ஆளனுப்புங்கள். வழக்குகள் கூப்பிடத் தொடங்குவதற்கு முன் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், இன்ன வழக்கு, இன்ன காரணம் என்று சொல்லிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் பெயர் கூப்பிடப்படும்போது அவர் எழுந்து, தான் யார், நீங்கள் ஏன் வரவில்லை என்று இரண்டு வசனத்தில் சொல்லட்டும். கதை வேண்டாம். நீதிபதி கேட்டால் மட்டும் மிச்சத்தைச் சொல்லலாம். எத்தனையாம் திகதி போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வெளியேற வேண்டும். சத்தத்தில் கேட்கவில்லை என்றால் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்தலாம்.

நீதிபதியின் வீட்டுக்கோ அறைக்கோ போய்க் கேட்க முயல வேண்டாம். அது உங்களுக்கே கெடுதலாகும். நீதிமன்ற வாசலில் நின்று “தவணை எடுத்துத் தாறன், ஆயிரம் ரூபா தாங்கோ” என்பவர்களை நம்ப வேண்டாம். அவர்களிடம் கொடுத்த காசுக்கு வழக்கேட்டில் ஓர் எழுத்தும் வராது. நீதிபதி லீவு என்று ஊரில் கேள்விப்பட்டு வீட்டில் நிற்பதும் ஆபத்து. பதில் நீதிபதி வழக்கைக் கூப்பிடுவார், திகதி கொடுப்பார், வராதவர் வராதவர்தான்.

செலவுத்தொகை

விசாரணையை ஒத்திவைக்கும்போது மறுபக்கத்துக்கு இவ்வளவு செலவுத்தொகை கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லலாம். தொகை வழக்குக்கு வழக்கு வேறுபடும். சிலவேளை அதோடு ஒரு நிபந்தனையும் வரும்: அடுத்த தவணையன்று காலை 10 மணிக்கு முன் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வழக்காளியின் வழக்குத் தள்ளுபடி, அல்லது எதிராளிக்கு எதிராகத் தீர்ப்பு. இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்கும் முன் சட்டத்தரணியிடம் நன்றாகக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். 10 மணி என்றால் 10 மணிதான். பஸ் பிந்தி 10.20க்கு காசோடு ஓடிவந்து காணி வழக்கைப் பறிகொடுக்கும் நிலை வரலாம். கட்ட முடியாத தொகை என்றால் அப்போதே, சம்மதிக்கும் முன், குறைக்குமாறு கேளுங்கள்.

ஒத்திவைப்புக் கிடைக்காத வழக்குகள்

மீள்குடியேற்றப் பகுதிகளில் அதிகம் காணப்படும் ஒரு வகை வழக்குப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் காணியில் வேறொருவர் இருக்கிறார், வாய்த்தர்க்கம் கைகலப்பு வரை போகிறது, பொலிஸ் இருவரையும் நீதிமன்றத்தில் முற்படுத்துகிறது. இது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வரும். இங்கு உறுதி யாருடையது என்பதல்ல, இப்போது உடைமையில் யார் இருந்தார், வழக்கு வருவதற்கு முன் 2 மாதங்களுக்குள் யார் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்பதே முதன்மையான கேள்வி. இரு தரப்பும் சத்தியக் கடதாசிகளைக் கொடுப்பதற்கான திகதி 3 கிழமைக்கு மேற்படாமல் குறிக்கப்படும். விசாரணை தொடங்கி 3 மாதங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம். அமைதி குலையாமல் தடுப்பதற்கான விரைவு வழக்கு என்பதால், தாராளமாக ஒத்திவைப்புக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அழைக்கப்பட்ட அன்றே சட்ட உதவியை நாடுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கும் தனிச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அதில் வரும் தீர்ப்பாணை வழக்கிற்கு வராதவரையும் கட்டுப்படுத்தக்கூடியது. “நான் போகேல்லை, என்ரை பங்கு எனக்குத்தானே” என்பது அங்கு செல்லாது.

மறுபக்கம் தவணை கேட்டால்

ஒத்திவைப்பு என்பது நீங்கள் மட்டும் கேட்பதல்ல. தாபரிப்பு வழக்கில் கணவன் மூன்றாவது தடவையும் வராமல் சட்டத்தரணியை மட்டும் அனுப்பினால், காணி வழக்கில் எதிராளி ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்றிதழ் அனுப்பிக்கொண்டு இங்கே மதில் கட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் பேசாமல் தலையாட்ட வேண்டியதில்லை. ஆட்சேபிக்கிறேன் என்று சொல்லலாம். இது எத்தனையாவது தடவை என்பதை வழக்கேட்டிலிருந்து காட்டலாம். எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை சாட்சிகளோடு வந்தீர்கள் என்று சொல்லிச் செலவுத்தொகை கேட்கலாம். பஸ் டிக்கட்டுகளை எறிந்துவிடாதீர்கள். இது இறுதித் தவணை என்று குறித்துத் தருமாறும் கேட்கலாம். தாபரிப்பு வழக்கில் இடைக்காலக் கொடுப்பனவு, காணி வழக்கில் நிலைமையை மாற்றாதிருக்க இடைக்காலத் தடை ஆகியவற்றைப் பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் அன்றே பேசுங்கள். அவையில்லாமல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் மறுபக்கத்துக்கே லாபம்.

அதே கண்ணால் உங்கள் விண்ணப்பத்தையும் பாருங்கள். அடுத்த தவணை எத்தனை மாதம் கழித்து வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதற்குள் வயதான சாட்சி இறந்துபோகலாம். போக முடியும் என்றால், சிரமப்பட்டேனும் போவதே நல்லது.

முகவரி

பல தவறிய தவணைகளுக்குக் காரணம் நோயோ வெள்ளமோ அல்ல, முகவரி. வழக்குத் தொடங்கும்போது நலன்புரி முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தீர்கள், அந்த முகவரிதான் வழக்கேட்டில் இருக்கிறது. அறிவித்தல் அங்கே போகிறது, “ஆள் இல்லை” என்று திரும்பி வருகிறது. சொந்த ஊருக்கு வந்தவுடன் புதிய முகவரியை வழக்கு இலக்கத்துடன் எழுத்தில் பதிவாளருக்கும் உங்கள் சட்டத்தரணிக்கும் கொடுங்கள். பிணையில் இருப்பவர் முகவரி மாறுவதை நீதிமன்றத்துக்குச் சொல்லாமல் விடவே கூடாது. உங்களுக்குப் பிணை நின்றவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் பிணைத்தொகையைக் கட்டுமாறு அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அவர் உங்கள் மைத்துனராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார்.

தவணை ஏற்கனவே தவறிவிட்டால்

ஒளிந்திருக்க வேண்டாம். பிடியாணை பிறப்பிக்கப்பட்டிருந்தால், பொலிஸ் வந்து கொண்டுபோகும் வரை காத்திராமல், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் கோவைப்படுத்தி நீங்களாகவே நீதவான் முன் முன்னிலையாகிப் பிடியாணையை மீளப்பெறுமாறு கேட்கலாம். தானாக வந்தவரையும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவரையும் நீதிமன்றம் ஒரேமாதிரிப் பார்ப்பதில்லை. வராததற்கான பத்திரம் அன்றும் தேவை.

சிவில் வழக்கில் நீங்கள் எதிராளி என்றால், வராத அன்றே வழக்கு 84ஆம் பிரிவின் கீழ் ஒருதலைப்பட்ச விசாரணைக்கு எடுக்கப்பட்டு உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாணை வரலாம். அதன் பிரதி உங்களுக்குச் சேர்ப்பிக்கப்படும். சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்களுக்குள், மறுபக்கத்துக்கு அறிவித்து, வராததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் 86(2)ஆம் பிரிவின்படி அது நீக்கப்படும். 14 நாள் என்பது மிகக் குறுகிய காலம். பத்திரம் கையில் கிடைத்த அன்றே அதன் மூலையில் திகதியை எழுதிவிட்டு, மறுநாள் காலை சட்டத்தரணியிடம் போங்கள். தீர்ப்பு எழுதப்படுவதற்கு முன்னரே உங்களுக்குத் தெரியவந்தால், வழக்காளி சம்மதித்தால் அப்போதே சரிசெய்யலாம்.

நீங்கள் வழக்காளி என்றால், வராத அன்று வழக்கு 87ஆம் பிரிவின் கீழ் தள்ளுபடி செய்யப்படலாம். அதே விடயத்துக்குப் புதிதாக ஒரு வழக்குப் போட முடியாது. ஆகவே “பிறகு போடுவம்” என்று இருந்துவிட வேண்டாம். நியாயமான காலத்துக்குள் மனுவும் சத்தியக் கடதாசியும் கொடுத்து, தள்ளுபடியை நீக்குமாறு கேட்க வேண்டும். நியாயமான காலம் என்பதற்குச் சட்டம் நாள் கணக்கு வைக்கவில்லை. ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்ட உதவிக்கு வரும்போது எல்லாப் பத்திரங்களையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள், பிரித்தெடுத்துக் குறைக்க வேண்டாம். அழைப்பாணை தபாலில் வந்திருந்தால் அதன் உறையையும் எறியாதீர்கள். தவணை முடிந்த பிறகுதான் அது உங்கள் கைக்கு வந்தது என்பதை அதிலுள்ள தபால் முத்திரை காட்டக்கூடும்.